யார் செய்த பாவம்?



யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் ஒரு கேள்வியோடு ஆரம்பமாகின்றது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரை ஆண்டவர் இயேசு வழியிலே காண்கின்றார். உடன் வந்த சீடர்கள் அம்மனிதருக்கு வணக்கம் சொல்லவில்லை. அவருடைய பெயரைக் கேட்கவில்லை. இவர் பார்வையற்றுப் பிறந்தது இவர் செய்த பாவத்தாலா, அல்லது இவரைப் பெற்றவர்கள் செய்த பாவத்தாலா என்று ஆண்டவரிடம் வினவுகின்றார்கள். அம்மனிதர் எதிரிலேயே இருக்கின்றார். அவருடைய கண்கள் காணவில்லையே தவிர, காதுகள் நன்றாகவே கேட்கின்றன. தம் வாழ்வு ஒரு வேதபாட வினாவாக விவாதிக்கப்படுவதை அவர் கேட்டுக்கொண்டிருக்கின்றார்.

இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. கொள்ளுப்பிட்டியின் அடுக்குமாடி வீடுகளிலும், வெள்ளவத்தையின் குறுக்கு வீதிகளிலும், கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீட்டு வரிசைகளிலும் அது இன்றும் ஒலிக்கின்றது. குறைபாட்டோடு ஒரு பிள்ளை பிறந்த வீட்டில் உறவினர் கூடியதும், யாருடைய சாபமோ, எந்தத் தலைமுறையின் வினையோ, தாய் கருவுற்றிருந்தபோது எதைப் பார்த்தாளோ என்று காதோடு காதாகப் பேசிக்கொள்கின்றார்கள். ஞானஸ்நானம் பெற்ற நம்முடைய குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. அந்தப் பேச்சுக்களின் முழுப் பாரமும் பெரும்பாலும் பெற்ற தாயின் தலைமீதே இறங்குகின்றது.

ஆண்டவர் அந்தக் கேள்வியை ஏற்கவில்லை. இவரும் பாவம் செய்யவில்லை, இவரைப் பெற்றவர்களும் பாவம் செய்யவில்லை; கடவுளின் செயல் இவர்வழியாக வெளிப்பட வேண்டும் என்றே அவர் பதிலளிக்கின்றார். சீடர்கள் பின்னோக்கிப் பார்த்துக் காரணத்தைத் தேடினார்கள். இயேசுவோ முன்னோக்கிப் பார்த்து, இந்த வாழ்வில் கடவுள் என்ன செய்யவிருக்கின்றார் என்பதைக் காட்டினார். நம் தமிழ் மரபிலும் இதற்கு ஒத்த குரல் உண்டு. திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், பொறி இல்லாமை எவருக்கும் பழியாகாது என்ற கருத்தை முன்வைக்கின்றார். ‘பொறி’ என்பதற்கு ஊழ் என்றும் உடல் உறுப்பு என்றும் உரைகாரர்கள் பொருள் கொள்வர். எப்பொருளைக் கொண்டாலும், ஒருவருடைய குறையை அவர்மீது பழியாகச் சுமத்துதல் தகாது என்பது தெளிவு.

எனவே இவ்வாரம் நாம் வேறொரு கேள்வியைக் கேட்போம். குறைபாட்டோடு கூடிய வாழ்வில் நன்மை உண்டா? உண்டெனில் அது எங்கே இருக்கின்றது?

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லுதல் ஆகாது. “கடவுள் உங்களை நேசிப்பதால்தான் இந்தச் சிலுவையைத் தந்தார்” என்று, இரவு முழுவதும் கண்விழித்த ஒரு தாயிடம் வாசலில் நின்று சொல்லிவிட்டுச் செல்வது எளிது. ஆனால் அது ஆறுதலாகாது. வலி நல்லது என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. அவ்வாறு போதித்திருந்தால் அது வைத்தியசாலைகளைக் கட்டியிராது; ஆண்டவரும் நோயாளரைக் குணமாக்கியிருக்க மாட்டார். குறைபாடு தன்னளவில் வரமல்ல. ஆனால் குறைபாட்டோடு வாழும் மனிதர் வரமே. இந்த வேறுபாட்டை மனதில் இருத்திக்கொண்டே மேலே செல்வோம்.

உள்ளறையின் திரை

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருக்கள் பலரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. முன்னறையில் மெழுகுதிரி எரியும், வெள்ளைத்துணி விரிக்கப்பட்டிருக்கும், முதிய பாட்டியார் செபமாலையோடு காத்திருப்பார். உள்ளறையின் வாசலில் ஒரு திரை தொங்கும். திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வரும். அல்லது ஒரு நாற்காலி நகரும் ஓசை கேட்கும். விசாரித்தால், “அது எங்கட மூத்தவர், சுவாமி. அவருக்கு ஒன்றும் விளங்காது” என்பார்கள். அந்த மூத்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அவர் ஞானஸ்நானம் பெற்றவர். ஆனால் முதல் நன்மை வாங்கவில்லை. உறுதிபூசுதலும் இல்லை. பங்கின் குடும்பப் பதிவில் பெயர் இருக்கும். ஆலயத்தில் அந்த முகத்தை எவரும் கண்டதில்லை.

பெற்றோரை நாம் குறைகூறுவதற்கில்லை. ஊரார் கண்ணுக்கு அஞ்சுகின்றார்கள். இளைய மகளுக்குக் கலியாணம் பேசி வருபவர்கள் அண்ணனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்களோ எனக் கலங்குகின்றார்கள். திருப்பலி நடுவே பிள்ளை சத்தமிட்டால் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்க்கும் கண்களை அவர்கள் ஏற்கனவே அனுபவித்திருக்கின்றார்கள். ஆகவே திரையைத் தொங்கவிட்டவர்கள் அவர்கள் மட்டுமல்லர். அதன் மறுமுனையைப் பிடித்திருப்பவர்கள் நாம்.

இவர்கள் ஒரு சிலரே என எண்ண வேண்டாம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல் முதலிய ஏதேனும் ஒன்றில் சிரமம் உடையவர்களாய் இருந்தார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவர் எனக் கொள்ளலாம். ஞாயிறு திருப்பலியில் உங்கள் இருக்கை வரிசையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்தப் பன்னிரண்டாமவர் எங்கே?

திரைக்குப் பின்னால் வைக்கப்பட்ட ஒரு பிள்ளையைத் திருச்சபை இன்று பீடத்தில் வைத்து வணங்குகின்றது என்பதை நீங்கள் அறிவீர்களா? இத்தாலி நாட்டில் 1287ஆம் ஆண்டளவில் பிறந்தவர் மார்கரீத்தா. பிறவியிலேயே பார்வையற்றவர், உயரம் குறைந்தவர், முதுகு வளைந்து, கால் ஊனமுற்றவர். செல்வமும் பெருமையும் மிக்க அவருடைய பெற்றோர் அவரை ஊராருக்குக் காட்ட வெட்கப்பட்டு, ஓர் ஆலயத்தை ஒட்டிய சிற்றறையில் ஆண்டுக்கணக்காய் அடைத்து வைத்தார்கள் என அவருடைய வரலாறு கூறுகின்றது. பின்னர் குணம் வேண்டி ‘சித்தா தி கஸ்தெல்லோ’ என்னும் நகரின் திருத்தலம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். புதுமை நிகழவில்லை. பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்நகரின் ஏழைக் குடும்பங்கள் அவரை மாறி மாறித் தம் வீடுகளில் ஏற்றுக்கொண்டன. அவர் தொமினிக்கன் மூன்றாம் சபையில் இணைந்து, நோயாளரையும் சிறைப்பட்டோரையும் தேடிச் சென்று பணிபுரிந்து, 1320ஆம் ஆண்டில், 33 வயதளவில் இறந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் திகதி அவரைப் புனிதையாக அறிவித்தார்.

பெற்றோர் தேடிச் சென்ற புதுமை அவருடைய கண்களில் நிகழவில்லை. ஏழைகளின் வாசல்கள் திறந்தபோது அது வேறுவிதமாய் நிகழ்ந்தது எனலாம். மார்கரீத்தா அந்த வீடுகளுக்குப் பாரமாய் இருக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளைப் பராமரித்தார், அவர்களோடு செபித்தார்.

அகற்றப்படாத முள்

குணமளிக்கும் செபக் கூட்டங்களுக்குச் செல்பவர்கள் நம்மிடையே பலர். நோயில் செபிப்பது நன்று. திருச்சபையே அதற்கென நோயில்பூசுதல் என்னும் திருவருட்சாதனத்தைக் கொண்டுள்ளது. ஆனால் சில இடங்களில், குணம் கிடைக்காதவரைப் பார்த்து “உமது விசுவாசம் போதாது” என்று சொல்லிவிடுகின்றார்கள். நடக்க இயலாமல் போனவர் இப்போது விசுவாசமும் அற்றவர் என்ற பட்டத்தோடு வீடு திரும்புகின்றார். ஒரு சுமையோடு வந்தவர் இரண்டு சுமைகளோடு செல்கின்றார். ‘யார் செய்த பாவம்?’ என்ற பழைய கேள்வியே இங்கு புதிய உடை தரித்து வருகின்றது.

அப்படியானால் புனித பவுலுக்கு விசுவாசம் போதாமல் இருந்ததா? தம் உடலில் தைத்த முள் ஒன்றைப் பற்றி அவர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் பேசுகின்றார். அந்த முள் கண்நோயா, வேறு ஏதேனும் பிணியா என அறிஞர்கள் பலவாறு கருதுகின்றனர். அது நீங்கும்படி அவர் மூன்று முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை. தம் அருள் போதும் என்றும், வலுவின்மையிலேயே தம் வல்லமை நிறைவடைகின்றது என்றும் ஆண்டவர் அவருக்கு உணர்த்தினார். கடற்பயணங்களையும் கல்லெறிகளையும் சிறைகளையும் பவுல் அந்த முள்ளோடுதான் கடந்தார்.

மோசேயை எண்ணிப் பாருங்கள். தமக்கு நாவன்மை இல்லை, வாய் திக்குகின்றது என்று அவர் எரியும் முட்புதரின் முன் தயங்கினார். கடவுள் அவருடைய நாவைச் சீராக்கியதாக விவிலியம் கூறவில்லை. மாறாக, பேச வல்ல அவருடைய சகோதரன் ஆரோனைத் துணையாக அனுப்பினார் (வி.ப. 4). இங்கே ஆழ்ந்த உண்மை ஒன்று அடங்கியுள்ளது. கடவுள் சில வேளைகளில் குறையை நீக்குவதில்லை. அருகில் ஒரு மனிதரை வைக்கின்றார். மோசேக்கு ஆரோன் தேவைப்பட்டார். ஆரோனுக்கும் மோசே தேவைப்பட்டார். நாவன்மை மிக்க ஆரோன் தனித்து விடப்பட்டபோது பொற்கன்றைச் செய்து கொடுத்தார் என்பதை மறவாதீர்கள். திக்கும் நாவினரும் தெளிவான நாவினரும் இணைந்தபோதே ஒரு மக்களினம் விடுதலை கண்டது.

வேலூரில் ஒரு சக்கர நாற்காலி

நம்மவர்கள் நோய்க்கு மருந்து தேடிக் கடல் கடந்து செல்லும் இடங்களுள் வேலூர் ஒன்று. அங்குள்ள கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி வைத்தியசாலையை உங்களில் பலர் அறிவீர்கள். அங்கு பணிபுரிந்தவர் வைத்தியர் மேரி வர்கீஸ். 1925இல் கேரளத்தின் கொச்சியில் பிறந்து, வேலூரிலேயே வைத்தியம் கற்றவர். 1954ஆம் ஆண்டில் சக வைத்தியர்களோடு பயணம் சென்ற வாகனம் விபத்துக்குள்ளானது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப் போயின. இளம் வைத்தியரான அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை.

சத்திரசிகிச்சை நிபுணர் என்றால் மேசையருகே மணிக்கணக்காய் நிற்க வேண்டும் என்பது அக்காலத்து எண்ணம். ஆனால் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சத்திரசிகிச்சையில் அங்கு முன்னோடியாய் விளங்கிய வைத்தியர் போல் பிராண்ட், கை சத்திரசிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம் என்பதை மேரிக்கு எடுத்துக் காட்டினார். மேரி கற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கினார். சமூகம் தொட மறுத்த கைகளை, சமூகம் இனி பயனில்லை எனக் கருதியிருக்கக்கூடிய ஒருவர் தொட்டுத் திருத்தினார்.

அவர் அத்தோடு நிற்கவில்லை. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலும் பின்னர் நியூயோர்க்கிலும் புனர்வாழ்வு மருத்துவத்தைக் கற்றுத் திரும்பினார். 1963இல் வேலூரின் புனர்வாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல், நோயாளர் தங்கிப் பயிற்சி பெறும் புனர்வாழ்வு நிலையம் ஒன்று அங்கு திறக்கப்பட்டது. இந்தியாவிலேயே அவ்வகையில் அது முதலாவது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இவருடைய வாழ்வில் நன்மை எங்கே இருந்தது? விபத்தில் இல்லை, முறிந்த முள்ளந்தண்டிலும் இல்லை. விபத்துக்கு முன் அவர் திறமையுள்ள ஒரு வைத்தியர். விபத்துக்குப் பின், படுக்கையில் கிடப்பவருக்கு எது பயம், எது வெட்கம், எது நம்பிக்கை என்பதைத் தம் உடலிலேயே அறிந்த வைத்தியர். கால்கள் இயங்காமற்போன ஒரு நோயாளியிடம் “உங்களால் இன்னும் வாழ முடியும்” என்று எத்தனையோ வைத்தியர்கள் சொல்லலாம். அந்தச் சொல் ஒரு சக்கர நாற்காலியிலிருந்து வரும்போது அதன் எடையே வேறு. பாடுகளை அனுபவித்தவர் என்பதாலேயே நமக்கு உதவ வல்லவர் எனக் கிறிஸ்துவைப் பற்றி எபிரேயர் திருமுகம் எடுத்தியம்புவதும் இதையே அல்லவா?

பதக்கம் பெறாதவர்கள்

நம் நாட்டிலும் இத்தகைய சாதனைகள் உண்டு. 2021 ஓகஸ்ட் 30ஆம் திகதி டோக்கியோ பராலிம்பிக் போட்டியில், யுத்தத்தில் காயமுற்ற படைவீரரான தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீற்றர் தூரம் எறிந்து, உலக சாதனையோடு இலங்கையின் முதலாவது பராலிம்பிக் தங்கப் பதக்கத்தை வென்றார். நாடே மகிழ்ந்தது. மகிழ வேண்டியதுதான்.

ஆயினும் அன்பான வாசகர்களே, இங்கு நாம் ஒருகணம் நிற்க வேண்டும். சாதனையாளரைப் பற்றி மட்டும் பேசினால், சாதிக்க இயலாத பிள்ளையின் தாய் இப்பத்தியை மடித்து வைத்துவிட்டு அழுவாள். தன் பெயரையும் சொல்லத் தெரியாத மகனுக்கு எந்தப் பதக்கம்? பதினெட்டு வயதிலும் தாயே உணவூட்ட வேண்டிய மகளுக்கு எந்த விருது?

இங்கேதான் நற்செய்தி உலகத்திலிருந்து பிரிந்து நடக்கின்றது. உலகம் ஒருவருடைய மதிப்பை அவர் செய்வதைக் கொண்டு அளக்கின்றது. பரீட்சையில் எத்தனை ‘ஏ’, எந்தப் பல்கலைக்கழகம், எந்த வெளிநாட்டில் வேலை என்று கொழும்பு வாழ் தமிழ்க் குடும்பங்களாகிய நாம் நம் பிள்ளைகளை அளப்பதை மறுக்க முடியுமா? கடவுளோ செயலுக்கு முன்பே மனிதரை நேசிக்கின்றார். யோர்தான் ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது, அவரில் தாம் பூரிப்படைவதாகத் தந்தை அறிவித்தார். அப்பொழுது இயேசு ஒரு புதுமையும் செய்திருக்கவில்லை. ஒரு போதனையும் வழங்கியிருக்கவில்லை. மகனாய் இருந்தார், அதுவே போதுமாயிருந்தது.

எதையும் சாதிக்காத ஒரு பிள்ளை உள்ள வீட்டில் இந்த உண்மை நாள்தோறும் போதிக்கப்படுகின்றது. அப்பிள்ளை பொய் நடிப்பு அறியாது. உங்கள் பதவியைப் பார்த்து உங்களிடம் வராது. நீங்கள் வீட்டுக்குத் திரும்பியதே அதற்குத் திருவிழா. அத்தகைய சகோதரனோடு வளர்ந்த பிள்ளைகள் பலர், பிறர் வேதனையைச் சொல்லாமலே உணரும் மனிதராய் வளர்வதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

ஆனால் எச்சரிக்கை ஒன்று அவசியம். நமக்குப் பொறுமையைக் கற்பிப்பதற்காகவே அப்பிள்ளை படைக்கப்பட்டது என எண்ணிவிடலாகாது. அந்தப் பிள்ளை நம்முடைய பாடப்புத்தகம் அன்று. அதற்கும் சொந்தமான மகிழ்ச்சி உண்டு, கோபம் உண்டு, விருப்பு வெறுப்பு உண்டு, இறைவனோடு சொந்தமான உறவும் உண்டு. நம்மால் அளக்க முடியாத அந்த உறவை இல்லை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. புனித பிரான்சிஸ் சலேசியார் ஜெனீவாவின் ஆயராய் இருந்தபோது, பிறவியிலேயே செவிப்புலனற்ற மார்ட்டின் என்ற மனிதருக்குத் தாமே சைகைகளால் மறைக்கல்வி போதித்து முதல் நன்மை வழங்கினார். இவருக்கு விளங்காது என ஊரார் கருதியிருந்த காலம் அது. விளங்காதவர் மார்ட்டின் அல்லர்; அவருடைய மொழி ஊராருக்குத்தான் விளங்கவில்லை.

படிக்கட்டுகள் போதிக்கும் மறையுரை

கொழும்பு நகரிலேயே நிகழ்ந்த மற்றொரு வாழ்வையும் நினைவுகூர்வோம். கலாநிதி அஜித் பெரேரா இரசாயனவியலாளர்; கிரிக்கெட் நடுவராகவும் விளங்கியவர். 1992ஆம் ஆண்டில் அவர் சென்ற காரின்மீது வீதியோர மரம் ஒன்று சரிந்து விழுந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி அவருடைய வாழ்வாயிற்று. அப்போது அவர் கண்டறிந்தது யாதெனில், அவரைத் தடுத்தது அவருடைய கால்கள் மட்டுமல்ல. வங்கியின் படிகளும், அலுவலகத்தின் ஒடுங்கிய கதவும், கழிவறையின் வாசலும்தான். பொதுக் கட்டிடங்களில் எவரும் நுழைவதற்கு வசதி வேண்டும் என 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கூறியிருந்தும் அவை ஏட்டிலேயே இருந்தன. அவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். 2011ஆம் ஆண்டில், புதிதாக அமைக்கப்படும் பொதுக் கட்டிடங்கள் அவ்வசதிகளைக் கொண்டிருக்க வேண்டும் என நீதிமன்றம் கட்டளையிட்டது. 2020இல் அவர் மறைந்தார்.

அவர் தமக்காக மட்டும் போராடவில்லை. ஒரு சாய்வுப்பாதை அமைக்கப்பட்டால் அதில் முதலில் ஏறுவது யார்? முழங்கால் வலியுள்ள பாட்டியார், கருவுற்ற தாய், குழந்தையை வண்டியில் தள்ளி வரும் இளந்தந்தை. 2012இலேயே இலங்கையரில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்திருந்தார்கள். நீண்ட ஆயுளை வேண்டிச் செபிக்கும் நாம் ஒவ்வொருவரும் ஒரு நாள் அந்தச் சாய்வுப்பாதையைத் தேடுவோம். குறைபாடு என்பது ‘அவர்களுடைய’ காரியம் அன்று. வலுவற்றோரின் தேவைக்கு ஏற்ப அமைக்கப்படும் இடம் எல்லோருக்கும் நல்ல இடமாகின்றது. உடலில் மிக வலுவற்றவையாய்த் தோன்றும் உறுப்புகளே மிகத் தேவையானவை எனப் பவுல் எழுதியது வெறும் ஆறுதல் மொழியல்ல. கட்டிடக் கலைக்கும் பொருந்தும் உண்மை.

பார்வையற்றோர் முன் தடைக்கல்லை வைக்காதே என்ற கட்டளை லேவியர் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் உள்ளது. நம் ஆலயங்களின் வாசலில் எத்தனை படிகள் உள்ளன என்று எண்ணியிருக்கின்றோமா? ஆலயம் கட்டுவோரின் நோக்கம் தடைக்கல்லை வைப்பதன்று. ஆனாலும் அந்தப் படிகள் ஞாயிறுதோறும் ஒரு மறையுரையை ஆற்றுகின்றன. ஏறக்கூடியவர் வாருங்கள், மற்றவர்கள் வீட்டில் இருங்கள் என்கின்றன. 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம், மாற்றுத்திறனாளிகளின் மேய்ப்புப்பணி குறித்த மாநாட்டில் கலந்துகொண்டோரிடம் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், எல்லோரையும் ஏற்காத குருவானவர் ஆலயக் கதவையே மூடிவிடட்டும் என்ற கருத்துப்படக் கடுமையாகக் கூறினார். எல்லோரும், அல்லது எவருமில்லை என்பதே அவருடைய நிலைப்பாடு. பின்னர் 2022ஆம் ஆண்டிலிருந்து அவரே சக்கர நாற்காலியில் திருச்சபையை வழிநடத்தியதை உலகம் கண்டது.

இதைப் பற்றிப் பங்குத்தந்தையரும் பங்கு மேய்ப்புப்பணிச் சபைகளும் சிந்திக்கட்டும். நீங்கள் செய்யக்கூடியவையும் பல உண்டு. எரிக்கோவில் பார்த்திமேயுவைச் சந்தித்தபோது, அவர் பார்வையற்றவர் என்பது கண்கூடாய் இருந்தும், தாம் என்ன செய்ய வேண்டும் என விரும்புகின்றீர் என்று ஆண்டவர் அவரிடமே கேட்டார். நாமும் கேட்கப் பழகுவோம். வெள்ளைப் பிரம்போடு காலி வீதியைக் கடக்க நிற்பவரின் கையைப் பிடித்து இழுக்காமல், “உதவட்டுமா?” என்று கேட்டு நம் கையை அவர் பற்றிக்கொள்ளக் கொடுப்போம். சக்கர நாற்காலியில் இருப்பவரைப் பற்றி அவரைத் தள்ளி வருபவரிடம் விசாரிக்காமல் அவரிடமே பேசுவோம். திருப்பலியில் ஒரு பிள்ளை சத்தமிட்டால் திரும்பிப் பார்ப்பதைத் தவிர்ப்போம். அதுவும் அப்பிள்ளையின் செபம். வாசகம் வாசிக்கவும், பாடகர் குழுவில் பாடவும், காணிக்கை ஏந்தி வரவும் அவர்களை அழைப்போம். பெறுகின்றவராக மட்டும் ஒருவரை வைத்திருப்பது அன்பின் பாதி; கொடுக்க இடமளிப்பதே மறுபாதி.

“எங்களுக்குப் பிறகு?”

குறைபாடுள்ள பிள்ளையின் பெற்றோரை இரவில் உறங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு. அது ‘யார் செய்த பாவம்’ என்பதன்று. “நாங்கள் கண்ணை மூடிய பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?” என்பதே அது. பிள்ளைக்கு முன் தாங்கள் இறக்கக் கூடாது என்று மன்றாடும் பெற்றோரும் இருக்கின்றார்கள். பெற்ற பிள்ளையின் இறப்பைத் தாங்களே காண வேண்டும் எனத் தாய் ஒருத்தி வேண்டுகின்றாள் எனில், அவளைச் சூழ்ந்துள்ள கிறிஸ்தவ சமூகம் எத்தகையது என்ற கேள்வி நம்மை நோக்கித் திரும்புகின்றது.

இதற்கான விடை சாமுவேலின் இரண்டாம் நூல் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கின்றது. யோனத்தானின் மகன் மெபிபொசேத்துக்கு ஐந்து வயதாய் இருந்தபோது, தப்பியோடிய செவிலித்தாயின் கையிலிருந்து விழுந்து இரு கால்களும் முடமாயின. அதுவும் ஒரு யுத்தகாலத்து இடம்பெயர்வின்போது நிகழ்ந்த விபத்து. நமக்கு அத்தகைய கதைகள் புதியவை அல்ல. தந்தை இறந்தார், குடும்பம் சிதறியது. பின்னாளில் தாவீது அரசர் அவரைத் தேடி அழைப்பித்தார். தருமம் கொடுத்து அனுப்பவில்லை. தம் புதல்வரைப் போலத் தம் பந்தியிலேயே என்றும் உண்ணச் செய்தார். நட்பின் பொருட்டு, நண்பனின் பிள்ளைக்குப் பொறுப்பேற்றார். ஒவ்வொரு மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் பங்கில் ஒரு தாவீது தேவை. ஞானப்பெற்றோர் என்ற பெயரை ஒரு நாள் நிழற்படத்துக்காக மட்டும் ஏற்காமல், மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை அந்த வீட்டில் கழிக்க உங்களால் இயலுமா? அந்தத் தாய் ஒரு மணி நேரம் வெளியே சென்று வரட்டும். பிள்ளை உங்களை அறிந்துகொள்ளட்டும். ‘எங்களுக்குப் பிறகு’ என்ற பயம், ‘எங்களோடு’ சிலர் இருக்கின்றார்கள் எனத் தெரியும்போதே குறையத் தொடங்குகின்றது.

இன்னும் ஒன்று. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் ஆலயங்களிலும், இக்கொள்ளுப்பிட்டி உட்பட தலைநகரின் விடுதிகளிலும் நிகழ்ந்த தாக்குதல்களை நாம் மறக்கவில்லை. மரித்தோர் 260க்கும் மேற்பட்டோர். காயமடைந்தோர் ஏறத்தாழ 500 பேர். அவர்களுள் பலர் அன்றிலிருந்து குறைபாட்டோடு வாழ்கின்றார்கள். அதற்கு முந்தைய நீண்ட யுத்தமும் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பேரை அவ்வாறு விட்டுச் சென்றது. உயிர்ப்பு விழாவிலேயே காயமுற்ற இவர்களுக்கு உயிர்ப்பு என்ன சொல்கின்றது? உயிர்த்த ஆண்டவர் சீடர்கள் நடுவே தோன்றித் தம் கைகளையும் விலாவையும் காட்டினார். சாவை வென்ற அந்த உடலில் காயங்கள் மறைந்து போகவில்லை. தோமா தம் ஆண்டவரை இனங்கண்டதும் அந்தக் காயங்களாலேயே. மகிமைக்குள்ளும் காயத்துக்கு இடம் உண்டு. காயமுற்ற உடல் குறைவுபட்ட கடவுளின் சாயல் அன்று. காயமுற்ற கடவுளின் சாயல்.

இன்றிரவு உங்கள் இல்லத்தில் குடும்பச் செபமாலை சொல்வீர்கள். முடிவில் ‘கிருபை தயாபத்து’ செபத்தைச் சொல்லும்போது ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பதினொராம் நூற்றாண்டில், இன்றைய ஜெர்மனியின் ரைகெனாவ் என்னும் துறவுமடத்தில் ஹெர்மன் என்ற துறவி வாழ்ந்தார். சிறுவயது முதல் உடல் முடங்கியவர், பிறர் உதவியின்றி நகர இயலாதவர், பேச்சும் தெளிவற்றவர். ஆயினும் கணிதமும் வானியலும் இசையும் வரலாறும் கற்று எழுதினார். 1054ஆம் ஆண்டில் இறந்த அவருக்கே அச்செபத்தின் மூலமான இலத்தீன் பாடலை மரபு உரித்தாக்குகின்றது. ஆய்வாளர்களிடையே மாற்றுக் கருத்துக்கள் இருப்பினும், திருச்சபை நூற்றாண்டுகளாய் அவரை அச்செபத்தோடு இணைத்தே நினைவுகூர்ந்து வந்துள்ளது.

அச்செபத்தைத் தொடங்குமுன், உள்ளறையின் திரையை விலக்குங்கள். உள்ளே இருப்பவரை முன்னறைக்கு அழைத்து வாருங்கள். சொற்கள் வராவிட்டாலும் செபமாலையின் மணியொன்றை அவருடைய விரல்களுக்கிடையே வையுங்கள். வரும் ஞாயிறன்று அவரோடு ஆலயத்துக்கு வாருங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லையெனில், இருக்கும் வீட்டின் கதவைத் தட்டி, படி ஏற ஒரு கை கொடுங்கள். அவருக்கும் உங்களுக்கும் அந்தப் பந்தியில் இடம் ஒதுக்கி வைத்திருக்கும் ஆண்டவர் உங்கள் இல்லத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.